பாதிரியாருக்கு மட்டும் அனுமதி!

கொலம்பியாவின் மலையடிவாரத்தில் 300 ஆண்டுகளாக யாருக்கும் கட்டுப்படாமல் வாழும் ஓர் ஆப்பிரிக்க ஊரின் கதை

கார்த்தஹேனா கோட்டை மதிலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுபவர்கள் அந்தப் பெண்கள்தான். கொலம்பியக் கொடியின் மஞ்சள், நீலம், சிவப்பில் அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த பாவாடை. தலையில் சும்மாடு. அதன்மேல் அகலமான பேசின் நிறையப் பப்பாளி, அன்னாசி, தர்பூசணி. கையால் பிடிக்காமலேயே நடக்கிறார்கள். கப்பலில் வந்திறங்கும் பயணிகள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு படம் எடுக்கிறார்கள். படத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொண்டு, சிரித்த முகமாக நின்றுவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிறார்கள்.

'பலேங்கேரா' என்று அவர்களுக்குப் பெயர். பலேங்கே ஊர்க்காரி என்று அர்த்தம். கொலம்பியாவின் சுற்றுலாச் சுவரொட்டிகளில் இந்த முகம் இல்லாமல் இருக்காது. ஆனால், அந்த ஊர் எங்கே இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் யார் என்று படம் எடுத்தவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

கார்த்தஹேனாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் உள்ளே, மோந்தெஸ் தே மரியா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது சான் பசிலியோ தே பலேங்கே. ஏறக்குறைய 3,500 பேர் வாழும் சின்ன ஊர். 'பலேங்கே' என்றால் மரக்கழிகளை நெருக்கி நட்டுக் கட்டிய அரண். ஸ்பானியர் ஆட்சியில் தப்பி ஓடிய அடிமைகள் இப்படிப்பட்ட அரண்களை அமைத்து, காட்டுக்குள் சுதந்திரமாக வாழ்ந்தார்கள். அப்படித் தோன்றிய ஊர்களில் பெரும்பாலானவை அழிந்தன, அல்லது அக்கம்பக்கத்தோடு கரைந்தன. தன் மொழியோடும் சடங்குகளோடும் இன்றுவரை தாக்குப்பிடித்து நிற்பது இந்த ஊர்.

எப்படித் தாக்குப்பிடித்தது? வீரம் ஒரு காரணம். ஆனால், ஊருக்குள் யார் வரலாம், எது வரலாம், வந்தது எந்த இடத்தில் உட்காரலாம் என்பதைத் தாங்களே முடிவு செய்தார்களே, அதுதான் முக்கியக் காரணம். கடவுளுக்கும்கூட அந்த விதி பொருந்தியது.

ஒன்பது இரவுகள்

ஊரில் ஒரு பெரியவர் கண்ணை மூடினால் பெச்சிச்சே பேசத் தொடங்கும். இடுப்புக்கு மேல் உயர்ந்து நிற்கும், நீண்ட, ஒருமுக மேளம் அது. அந்தக் காலத்தில் தொலைவில் இருக்கும் குடியிருப்புகளுக்குச் சாவுச் சேதியைக் கொண்டுபோனதும் அதன் ஓசைதான். கூடவே யமரோ என்ற சின்ன மேளம் ஒலிக்கும். அந்தப் பெயருக்கு 'அழைப்பவன்' என்று பொருள்.

வீட்டுக்குள் வெள்ளைத் துணி கட்டிப் பீடம் அமைத்திருப்பார்கள். அதில் சிலுவை, புனிதர்களின் படங்கள், மெழுகுவத்திகள். இறந்தவரின் ஆன்மாவுக்குத் தாகம் எடுக்கும் என்று ஒரு கிளாஸ் தண்ணீர். செபமாலை சொல்லத் தெரிந்த பெண்மணி முன்னே உட்கார்ந்து சொல்ல, மற்றவர்கள் பதில் செபம் சொல்கிறார்கள். இதுவரை பார்ப்பவருக்கு, இது எந்தக் கத்தோலிக்கக் கிராமத்திலும் நடக்கும் துக்க வீடுதான்.

செபம் முடிகிறது. மேளம் எழுகிறது. வயதான பெண்கள் எழுந்து சவத்தைச் சுற்றி வருகிறார்கள். கைகள் தலைக்குப் போகின்றன, வயிற்றுக்கு வருகின்றன. ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். இதற்குப் பெயர் லும்பலூ. பாட்டுகளில் ஸ்பானிஷ் இருக்கும், ஊரின் சொந்த மொழி இருக்கும், பாடுகிறவர்களுக்கே பொருள் தெரியாத சொற்களும் இருக்கும். நடுவே கொங்கோ, லுவாங்கோ, அங்கோலா என்று கடலுக்கு அப்பால் இருக்கும் ஊர்ப் பெயர்கள் வந்து விழும். பாடுகிற யாரும் அந்த ஊர்களைப் பார்த்ததில்லை. அவர்களின் பாட்டிக்குப் பாட்டியும் பார்த்ததில்லை. ஆனாலும் ஒப்பாரியில் அந்தப் பெயர்கள் தவறுவதே இல்லை.

ஒன்பது நாள்கள் ஆன்மா வீட்டைச் சுற்றியே இருக்கும் என்பது நம்பிக்கை. இந்த ஒன்பது, கத்தோலிக்கத்தின் நவநாள் கணக்கு. அந்த இரவுகளில் அழுகை மட்டும் இருக்காது. கதை சொல்வார்கள், விளையாடுவார்கள், ஊரில் காய்ச்சிய 'ஞெக்கே' சாராயம் சுற்றிவரும், சிரிப்பும் கேட்கும். ஒன்பதாம் இரவு முடிந்து விடியும்போது பீடத்தைப் பிரிப்பார்கள். அதோடு ஆன்மா தன் வழியே போகிறது.

எங்கே போகிறது? பாதிரியாரைக் கேட்டால் சொர்க்கம். மேளத்தைக் கேட்டால், கடலுக்கு அப்பால் இருக்கும் முன்னோர்களிடம். இரண்டும் ஒன்றுதானா என்று ஊரார் யாரும் மண்டையைக் குழப்பிக்கொண்டதாகத் தெரியவில்லை.

கியூபாவிலும் பிரேசிலிலும் ஆப்பிரிக்க வழிபாடு வேறு விதமாகப் பிழைத்தது. அங்கே புனிதர்களின் சுரூபங்களுக்குப் பின்னால் ஆப்பிரிக்கத் தெய்வங்கள் நின்றன. கியூபாவில் புனித பார்பராவைக் கும்பிட்டவர், இடியின் தெய்வமான சாங்கோவையும் சேர்த்தே கும்பிட்டார். முதலாளியின் கண் முன்னால் வாழ்ந்தவர்களுக்கு அப்படி ஒரு முகமூடி தேவைப்பட்டது. பலேங்கேயில் முதலாளி இல்லை. எனவே முகமூடியும் தேவைப்படவில்லை. இங்கே நடந்தது வேலைப் பங்கீடு. திருமுழுக்கும் திருப்பலியும் கோயிலுக்கு. செத்தவரை வழியனுப்பும் பொறுப்பு மேளத்துக்கு. ஒரே வீட்டில், ஒரே இரவில், செபமாலையும் பெச்சிச்சேயும் முறைவைத்து வேலை பார்க்கின்றன.

1610-ல் வந்த இருவர்

இந்தப் பங்கீடு எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ளக் கார்த்தஹேனாவுக்குத் திரும்ப வேண்டும்.

ஸ்பானியர் ஆண்ட தென் அமெரிக்காவுக்கு வந்த ஆப்பிரிக்க அடிமைகளுக்கு முக்கிய வாசல் இந்தத் துறைமுகம். 1610-ம் ஆண்டு இங்கே இரண்டு வருகைகள் நிகழ்ந்தன. ஒன்று, மத விசாரணை மன்றம். ஸ்பெயின் மன்னரின் உத்தரவுப்படி நிறுவப்பட்ட அந்த மன்றம், பச்சிலை கொடுத்த ஆப்பிரிக்கப் பெண்களைச் சூனியக்காரிகள் என்று கூண்டில் ஏற்றியது. இன்னொன்று, பெத்ரோ கிளாவெர் என்ற இளம் இயேசு சபைத் துறவி. கப்பல் வந்ததும் அடித்தளத்துக்குள் இறங்கி, நோயாளிகளுக்குத் தண்ணீரும் உணவும் கொடுத்து, திருமுழுக்கும் கொடுத்தவர். தன்னை 'அடிமைகளின் அடிமை' என்று அழைத்துக்கொண்டவர். 1888-ல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் பீட்டர் கிளேவர் என்று சொல்வது இவரைத்தான்.

ஒரே ஆண்டில் ஒரே துறைமுகத்துக்குத் திருச்சபை சவுக்கையும் அனுப்பியது, தண்ணீர்க் குடுவையையும் அனுப்பியது. ஆனால், அந்த இருவரும் வந்து சேர்வதற்கு முன்பே மூன்றாவது வழி ஒன்றை ஒருவர் திறந்துவிட்டிருந்தார். காட்டுக்கு ஓடும் வழி.

அவர் பெயர் பெங்கோஸ் பியோஹோ. மேற்கு ஆப்பிரிக்காவின் பிஜாகோஸ் தீவுப் பகுதியிலிருந்து பிடித்து வரப்பட்டவர். 1600-ஐ ஒட்டிக் குடும்பத்தோடும் கூட்டாளிகளோடும் தப்பி, சதுப்புநிலங்களுக்கு நடுவே லா மத்தூனா என்ற இடத்தில் அரண் அமைத்தார். பிடிக்கப்போன படைகள் தோற்றுத் திரும்பின. வேறு வழியில்லாமல் ஆளுநர் 1605-ல் சமாதானம் பேசினார். பெங்கோஸ் நகருக்குள் ஆயுதத்தோடு, ஸ்பானிய கனவான் உடையில், நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தார். அதைப் பொறுக்க முடியாதவர்கள் காத்திருந்தார்கள். 1619-ல் காவலர்களோடு ஏற்பட்ட தகராறில் பிடிபட்டார். 1621 மார்ச் 16 அன்று அவரைத் தூக்கிலிட்டு, உடலை நான்கு துண்டாக்கினார்கள்.

இன்று பலேங்கேயின் சதுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அறுந்த சங்கிலியோடு, கையை வானத்தை நோக்கி நீட்டியபடி நிற்கிறார். வரலாற்றாசிரியர்கள் ஒரு திருத்தம் சொல்வார்கள்: இன்றைய ஊர் லா மத்தூனாவின் நேரடித் தொடர்ச்சி இல்லை; 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மோந்தெஸ் தே மரியா மலையில் இருந்த சான் மிகெல் என்ற அரணிலிருந்து உருவானது. ஊரார் அதைக் கேட்டுக்கொள்வார்கள். ஆனால், சிலையை மாற்ற மாட்டார்கள். ஓர் ஊர் தன் மூதாதையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதும் சுதந்திரத்தில் சேர்த்திதானே!

கதவுக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி

பெங்கோஸைக் கொன்ற பிறகும் அரண்கள் ஓயவில்லை. ஒன்றை அழித்தால் இன்னொன்று முளைத்தது. 1690-ஐ ஒட்டி, பல்தசார் தே லா ஃபுவெந்தே என்ற பாதிரியார் அரண்களில் வாழ்ந்தவர்கள் சார்பில் ஸ்பெயின் மன்னரிடம் பேசினார். 1691-ல் அவர்களின் விடுதலையை அங்கீகரித்து அரச ஆணை வந்தது. கார்த்தஹேனாவின் அடிமை முதலாளிகளோ அதைக் குப்பையில் போட்டார்கள். மறுபடியும் படை போனது, மறுபடியும் ரத்தம்.

கடைசியில் 1713-ஐ ஒட்டி, கார்த்தஹேனா ஆயர் அந்தோனியோ மரியா காசியானி முன்னின்று உடன்படிக்கை ஏற்பட்டது. அரணில் இருப்பவர்கள் சுதந்திர மனிதர்கள். அவர்களை ஆள்பவர் அவர்களுக்குள்ளிருந்தே வருவார். வெள்ளையர் யாரும் அந்த ஊரில் குடியிருக்கக் கூடாது.

ஒரே ஒரு விதிவிலக்கு, பாதிரியார்.

இந்த ஒரு வரியில்தான் ஊரின் தலையெழுத்தே இருக்கிறது. மற்ற இடங்களில் கிறித்தவம் சவுக்கோடு வந்தது, இல்லையேல் அடிமைக் கப்பலின் அடித்தளத்தில் வந்தது. இங்கே அது உடன்படிக்கையின் ஷரத்தாக வந்தது. கதவைப் பூட்டியவர்களே பாதிரியாருக்கு மட்டும் சாவி கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு, எந்த அறைவரை வரலாம் என்று சொல்லும் உரிமையும் இருந்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. அதை மறைத்துவிட்டுக் கொண்டாடுவது நியாயமாகாது. இனிமேல் தப்பி வரும் அடிமைகளுக்கு அடைக்கலம் தரக்கூடாது என்பதும் உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை. தாங்கள் ஏறி வந்த ஏணியை அடுத்தவர்களுக்குத் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் இந்த ஊர் தன் அமைதியை வாங்கியது. 'அமெரிக்காவின் முதல் சுதந்திர ஊர்' என்று பலேங்கே பெருமைப்படும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அந்தப் பட்டத்துக்கு மெக்சிகோவின் யாங்கா என்ற ஊரும் உரிமை கோருகிறது என்பது தனிக் கதை.

1772-ல் இன்னோர் ஆயர், தியேகோ தே பெரெதோ, தன் மறைமாவட்டத்தைப் பற்றிய குறிப்பில் இந்த ஊரைப் பதிவு செய்தார். வேற்றாரோடு கலக்காமல் வாழ்கிறார்கள். ஸ்பானிஷ் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால், தங்களுக்குள் தனியாக ஒரு மொழி வைத்துக்கொண்டு, அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள் என்பது அதன் சாரம். வெளியாருக்கு ஒரு மொழி, வீட்டுக்கு ஒரு மொழி. 250 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கணக்கு தெளிவாக இருந்திருக்கிறது.

உடன்படிக்கைக்கு முன்னின்ற ஆயரின் பெயர் இன்றும் ஊரில் கேட்கிறது. கஸ்ஸியானி என்பது பலேங்கேயின் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று.

நகர மறுத்த சாமி

ஊரின் பாதுகாவலர் புனித பசிலியார். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் வாழ்ந்த கிரேக்க ஆயர். அவருக்கும் கறுப்பினத்தவர் வாழும் கொலம்பியக் கிராமத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஊரார் சொல்லும் கதை இது. பசிலியாரின் சுரூபத்தை இந்த வழியாக வேறெங்கோ கொண்டுபோனார்களாம். இந்த இடத்துக்கு வந்ததும் சுரூபம் கனக்கத் தொடங்கியது. எத்தனை பேர் தூக்கினாலும் அசையவில்லை. சாமிக்கு இங்கே இருக்கத்தான் விருப்பம் என்று புரிந்துகொண்டு விட்டுவிட்டுப் போனார்கள். கதையைக் கவனியுங்கள். ஊர் சாமியைத் தேடிப் போகவில்லை, சாமியை ஊர்மேல் யாரும் திணிக்கவும் இல்லை. சாமியே இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது என்கிறது கதை.

அந்தச் சாமிக்குத் திருவிழா ஜூன் 14. ரோமானிய நாள்காட்டியில் பழைய தேதி அதுதான். 1969-ல் திருச்சபை நாள்காட்டியைத் திருத்தி, பசிலியாரின் நாளை ஜனவரி 2-க்கு மாற்றியது. பலேங்கே மாற்றவில்லை. இன்றும் ஜூன் மாதத்தில்தான் சுரூபம் தெருவுக்கு வருகிறது, மேளத்தோடு.

நீருக்குள் இருப்பவளின் கதை இன்னொன்று உண்டு. காத்தலீனா லுவாங்கோ என்ற பெண் தண்ணீருக்குப் போனாள். அங்கே ஒரு மீனைக் கண்டாள். அது மீன் இல்லை, நீர்நிலையை ஆளும் மோஹான். அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு அவள் ஊருக்குத் திரும்பவில்லை. தன் உறவில் சாவு விழுந்தால் மட்டும் வருவாள். வந்து லும்பலூ பாடுவாள், பாடி முடித்ததும் நீருக்குள் போய்விடுவாள். லுவாங்கோ என்பது கொங்கோ கரையில் இருந்த ராஜ்ஜியத்தின் பெயர். அங்கிருந்து ஏராளமானோர் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகப்பட்ட ஒருத்தி, சாவுப் பாட்டில் மட்டும் வீடு திரும்புகிறாள். இதைவிடத் துல்லியமாக ஒரு கடல் பயணத்தை எந்த வரலாற்று நூல் சொல்லிவிட முடியும்?

பிறந்தது முதல் இறந்தது வரை

சடங்குக்கு ஆள் வேண்டும், அரிசி வேண்டும், பணம் வேண்டும். ஒன்பது இரவுகள் ஊருக்கே சாப்பாடு போடுவது சாதாரணச் செலவா? அரசு தராது, கோயிலும் தராது. அதைப் பார்த்துக்கொள்வது குவாக்ரோ.

ஒரே வயதுப் பிள்ளைகள் சிறுவயதிலேயே சேர்ந்து அமைக்கும் கூட்டுக்குக் குவாக்ரோ என்று பெயர். ஊர் 'மேல் தெரு', 'கீழ்த் தெரு' என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. குவாக்ரோக்களும் அந்தப் பிரிவின்படியே அமைகின்றன. விளையாட்டில் ஆரம்பித்து, சேர்ந்து வேலை பார்த்து, ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் நின்று, கடைசியில் சாவு வீட்டில் தோள்கொடுப்பதுவரை தொடரும் உறவு இது. அங்கத்தினர் ஒருவரின் வீட்டில் சாவு விழுந்தால், குவாக்ரோவில் இருக்கும் அத்தனை பேரும் பணமோ பொருளோ உழைப்போ கொண்டுவந்தாக வேண்டும். கார்த்தஹேனாவுக்கோ பாரங்கியாவுக்கோ பிழைக்கப் போயிருந்தாலும் கடமை கடமைதான்.

'பண்பாட்டுத் தன்னாட்சி' என்று கருத்தரங்குகளில் பெரிய வார்த்தையாகச் சொல்வார்கள். பலேங்கேயில் அதற்குச் சின்ன அர்த்தம்தான்: நம் ஊர்ச் சாவை நம் செலவில் நாமே நடத்துவோம்.

'தப்புத் தப்பான ஸ்பானிஷ்'

20-ம் நூற்றாண்டு, பூட்டியிருந்த கதவை வெளிப்பக்கமிருந்து திறந்தது. பக்கத்தில் சின்செரின் என்ற இடத்தில் சர்க்கரை ஆலை வந்தது. வேலைக்குப் போனார்கள். அங்கே வந்திருந்த கியூபத் தொழிலாளர்களிடம் 'சோன்' இசையைக் கற்றுக்கொண்டார்கள். அதை ஊர் மேளத்தோடு சேர்த்ததில் செக்ஸ்தேத்தோ தபாலா போன்ற குழுக்கள் பிறந்தன. வெளியே இருந்து வந்ததை வாங்கித் தனக்கேற்ப உட்கார வைக்கும் பழக்கம் இங்கேயும் வேலை செய்தது.

ஆனால், நகரத்துக்குப் போன பிள்ளைகளுக்குக் கிடைத்தது கேலி. அவர்கள் பேசியதை 'தப்புத் தப்பான ஸ்பானிஷ்' என்று சிரித்தார்கள். வெட்கப்பட்ட பெற்றோர், வீட்டிலும் அந்த மொழியைப் பேசாதே என்று பிள்ளைகளை அடக்கினார்கள். படைகளால் முடியாததைக் கேலி ஏறக்குறைய சாதித்துவிட்டது.

அது தப்பான ஸ்பானிஷ் இல்லை. தனி இலக்கணம் உள்ள கலப்பு மொழி. சொற்களில் பெரும்பகுதி ஸ்பானிஷ். கட்டமைப்பிலும் சில அடிப்படைச் சொற்களிலும் ஆப்பிரிக்காவின் கிகொங்கோ மொழி தெரிகிறது. 'மொனா' என்றால் குழந்தை, 'ங்கொம்பே' என்றால் மாடு, 'சூத்தோ' என்றால் நாம். பன்மைக்குச் சொல்லின் முன்னால் 'மா' சேர்ப்பார்கள். ஸ்பானிஷில் 'இல்லை' என்பது வினைக்கு முன்னால் வரும். இங்கே அது வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும். 'இ சபே நு' என்றால் 'எனக்குத் தெரியாது'. தமிழ்க் காதுக்கு இந்த வரிசை அந்நியமாகப் படாது.

1954-ல் கொலம்பிய மானுடவியலாளர் அக்கிலெஸ் எஸ்கலாந்தே இந்த ஊரைப் பற்றி விரிவாக எழுதினார். 1970-ல் அவரும் மொழியியலாளர் டெரெக் பிக்கர்ட்டனும் சேர்ந்து, இது ஒரு கிரியோல் மொழி என்று நிறுவினார்கள். பின்னால் வந்த அர்மின் ஷ்வெக்லர் லும்பலூ பாடல்களை ஆராய்ந்து, அவற்றின் வேர் கொங்கோ பகுதியில் இருப்பதைக் காட்டினார். 2016-ல் வெளியான மரபணு ஆய்வும் ஊர் ஆண்களின் தந்தைவழி கொங்கோவுக்கே போவதாகச் சொன்னது. பொருள் தெரியாமல் பாட்டிகள் பாடிய ஊர்ப் பெயர்கள் சரியாகத்தான் இருந்திருக்கின்றன.

1980-களின் இறுதியில் ஊர் இளைஞர்களே பள்ளிக்குள் தங்கள் மொழியைக் கொண்டுவந்தார்கள். இன்று வகுப்பறையில் அது பாடம். கொம்பிலேசா மி என்ற இளைஞர் குழு அந்த மொழியில் ராப் பாடுகிறது. அந்தப் பெயருக்கு 'என் நண்பர்கள்' என்று பொருள். பாட்டன் காலத்தில் ஒளித்துவைத்த மொழியைப் பேரன் மைக்கில் பேசுகிறான்.

உலகத்தின் கண் பட்டபோது

வெளியுலகம் பலேங்கேயை அவ்வப்போது கண்டுபிடித்தது. 1969-ல் வெளிவந்த 'கெய்மாதா' படத்தில் மார்லன் பிராண்டோவுக்கு எதிரே அடிமைக் கிளர்ச்சியின் தலைவனாக நடித்த எவரிஸ்தோ மார்கெஸ், இந்த ஊரில் மாடு மேய்த்தவர். 1972-ல் 'கிட் பம்பெலே' என்று அறியப்பட்ட அந்தோனியோ செர்வாந்தெஸ் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்றார். கொலம்பியாவின் முதல் உலகச் சாம்பியன். அவர் பிறந்த ஊருக்கு மின்சாரம் வந்ததே அந்த வெற்றிக்குப் பிறகுதான். 260 ஆண்டு சுதந்திரம் கொண்டுவராத மின்கம்பத்தை ஒரு குத்து கொண்டுவந்தது!

லும்பலூ பாடிய 'லாஸ் அலெக்ரெஸ் அம்புலான்சியாஸ்', அதாவது 'மகிழ்ச்சி ஆம்புலன்ஸ்கள்', கிரசியேலா சல்காதோவின் குரலில் புகழ்பெற்றது. அவருடைய சகோதரர் பவுலினோ 'பத்தாத்தா' சல்காதோ பெரும் மேளக் கலைஞர். 1991 அரசியல் சட்டம் கொலம்பியாவைப் பல இன, பல பண்பாட்டு நாடாக ஏற்றது. 1993-ல் வந்த 70-ம் எண் சட்டம் கறுப்பினச் சமூகங்களின் கூட்டு நில உரிமையை ஒப்புக்கொண்டது. 2005-ல் யுனெஸ்கோ பலேங்கேயின் பண்பாட்டு வெளியை மானுடத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்து, 2008-ல் தன் பட்டியலில் சேர்த்தது.

ஊருக்கான கூட்டுப் பட்டா 2012 ஏப்ரலில் வந்தது. கொலம்பிய அதிபர் சாந்தோஸும் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் கலந்துகொண்ட விழாவில் அதைக் கொடுத்தார்கள். இடம், கார்த்தஹேனாவில் பெத்ரோ கிளாவெர் கோயிலுக்கு முன்னால் இருக்கும் சதுக்கம். அடிமைகளின் அடிமை படுத்திருக்கும் கோயிலின் வாசலில், அடிமைகளாக மறுத்தவர்களின் வாரிசுகள் தங்கள் நிலத்துக்கான காகிதத்தை வாங்கினார்கள்.

பாராட்டும் பட்டாவும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மோந்தெஸ் தே மரியா முழுக்கத் துணை ராணுவக் குழுக்களின் வெறியாட்டம் நடந்தது. பலேங்கேயைச் சேர்ந்த லா போங்கா என்ற குடியிருப்பு, 2001-ல் மிரட்டலுக்குப் பயந்து ஒட்டுமொத்தமாகக் காலியானது. வீடு, வயல், கல்லறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள். பெங்கோஸ் காலத்து ஓட்டம் சுதந்திரத்தை நோக்கியது. இந்த ஓட்டம் உயிருக்குப் பயந்தது. முன்னோர்களைப் புதைத்த மண்ணோடு பிணைந்த ஒரு சடங்குக்கு, மண்ணைவிட்டுத் துரத்தப்படுவதைவிடப் பெரிய அடி வேறென்ன?

இப்போது வந்திருக்கும் ஆபத்து சிரித்த முகத்தோடு வருகிறது. கார்த்தஹேனாவிலிருந்து பேருந்துகள் வருகின்றன. அரைநாளில் சிலை, கோயில், மேளம், நடனம், மதியச் சாப்பாடு. அக்டோபரில் மேளத் திருவிழாவுக்குக் கூட்டம் அள்ளுகிறது. ஊருக்கு வருமானம் வேண்டும். பயணிகளை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு உரிமை? ஆனால், பார்க்க வந்தவர்களுக்காகவே ஆடத் தொடங்கும் சடங்கு மெல்ல மெல்லக் கலைநிகழ்ச்சியாகிவிடும். லும்பலூ பாடத் தெரிந்த மூத்த பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எல்லாச் சாவுக்கும் இப்போது அது ஒலிப்பதில்லை. பெரும்பாலும் மூத்தவர்களுக்கு, அந்த மரபைச் சுமந்தவர்களுக்கு மட்டும்தான்.

இருந்தாலும் இந்த ஊருக்கு இது புதிய சோதனை இல்லை. ஆயர் வந்தார், ஆலை வந்தது, சினிமா வந்தது, யுனெஸ்கோ வந்தது. வந்த ஒவ்வொருவருக்கும் திண்ணையா, கூடமா, அடுக்களையா என்று இடம் காட்டியது ஊர்தான். பேருந்தில் வருகிறவர்களுக்கும் அது இடம் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மேடையில் மேளம் கேட்கலாம், ஆடலாம். பொரித்த தானியத்தை வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்துப் பிடித்த 'அலெக்ரீயா' உருண்டை வாங்கிச் சாப்பிடலாம்.

ஒன்பதாம் இரவுக்கு மட்டும் டிக்கெட் கிடையாது. அதைக் கேட்க வேண்டுமானால் அந்த ஊரில் ஒருவர் இறந்திருக்க வேண்டும். அவர் உங்களுக்கு வேண்டியவராக இருந்திருக்க வேண்டும்.